முள் எடுத்த சொல்

சாயப்பட்டறையில் பேச்சுவார்த்தை இரண்டு அறைகளில் நடந்தது. ஒன்றில் முதலாளி, இன்னொன்றில் தொழிலாளர்கள். இரு தரப்பும் முகம் பார்க்க மறுத்துவிட்டதால், நடுவில் நடந்தவள் சமரச அதிகாரி மட்டும்தான். ஒரு பக்கத்துச் சொல்லை மறுபக்கம் கொண்டுபோகும்போது அதிலுள்ள முள்ளை எடுத்துவிட்டுக் கொடுப்பது அவள் வழக்கம்.

தாழ்வாரத்துக் கண்ணாடிக்கு அப்பால் துணி பிழியும் மெஷின் நின்றது. ஓர் ஆளை உள்ளே இழுத்த அன்று நிறுத்தியது. உருளைகளுக்கிடையே பாதி பிழிந்த நீலத் துணி அப்படியே தொங்கியது. உருவி எடுக்க யாருக்கும் கை வரவில்லை. கடக்கும்போதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ கூடவே நடந்து வருவதுபோல் அவளுக்கு இருந்தது. திரும்பிப் பார்க்காமல் போனாள்.

“மெஷினை எல்லாம் மாத்த முடியாது மேடம். அவன் கவனமில்லாம கையை விட்டான், அதுக்கு நான் என்ன பண்றது?” என்றிருந்தார் முதலாளி.

தொழிலாளர் அறையில் ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கிய வாயாடி வரவேற்றான். “வாங்கக்கா. இந்தத் தடவை அவர் பேச்சுல சர்க்கரை எவ்வளவு கலந்தீங்க?”

“முதலாளி ரொம்ப வருத்தப்படறார். மெஷினை மாத்துறதுதான் கஷ்டமாம்.”

மூலையில் உட்கார்ந்திருந்த, மெஷினில் சிக்கி இறந்தவனின் மனைவி நிமிர்ந்தாள்.

“வருத்தப்பட்டாரா? அப்ப அதை என்கிட்ட ஒரு தடவை சொல்லட்டும். போதும். இவங்களை நான் வேலைக்குப் போகச் சொல்றேன்.”

“அந்த மெஷின்லயா அண்ணி?” என்றான் ரேடியோ.

அதிகாரி போய்ச் சொன்னதும் முதலாளி சிரித்துவிட்டார். “இவ்வளவுதானா? ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டாப் போச்சு. மெஷினை நாளைக்கே ஓட விட்டுடலாம்.”

எத்தனையோ தகராறுகள் இப்படித்தான் முடிந்தன. கையெழுத்து வாங்கிக்கொண்டு அவள் நிம்மதியாக வீடு போயிருக்கிறாள். இன்று கண்ணாடியருகே கால் நின்றது. பார்த்தாள். துணிக்குப் பின்னால் யாருமில்லை. நாளை அங்கே ரேடியோ நிற்பான்.

தொழிலாளர் அறைக்குள் போய் அந்தப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்தாள்.

“அவர் வருத்தப்படலம்மா. அது நானாச் சொன்னது. உங்க வீட்டுக்காரர் மேலதான் தப்புன்னார்.”



“தெரியும்க்கா,” என்றாள் அந்தப் பெண். “ஆனா கேக்க நல்லா இருந்துச்சு.”

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்த மெஷினைக் கழட்டாம ஒருத்தரும் உள்ள வர மாட்டாங்கன்னு சொல்லுங்க. அப்படியே சொல்லுங்க.”

அதிகாரி எழுந்தாள். முதலாளியின் கதவைத் தட்டும்வரை அந்த வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். மழுப்பிப் பழகிய நாக்கு வழியிலேயே மாற்றிவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.