தடுப்பை எடுத்த மதியம்

வாங்கும்போதே அந்த வீடு இருட்டாகத்தான் இருந்தது. சுவரெல்லாம் கரும்பழுப்புப் பலகை, மாடிக்குத் தளமும் மரம், கூடத்தையும் சாப்பாட்டு அறையையும் பிரித்து நின்ற தடுப்பும் மரம். பட்டப்பகலில் விளக்குப் போட்டால்தான் காய் நறுக்க முடியும். "பெட்டிக்குள்ள குடியிருக்கிற மாதிரி இருக்குங்க" என்று மருமகள் கணவனை அரித்தெடுத்தாள். கடைசியில் அவன், "உன் இஷ்டப்படி செய், ஆளை விடு" என்று கையைத் தூக்கிவிட்டான்.

பலகைகளுக்கு வெள்ளை பெயின்ட் அடித்ததும் வீட்டுக்கே முகம் கழுவிவிட்டது போல ஆயிற்று. மிச்சம் அந்தத் தடுப்பு. அதை எடுத்துவிட்டால் பின்பக்க வெளிச்சம் வாசல்வரை ஓடிவரும்.

தச்சர் தட்டிப் பார்த்தார். "வெறும் பலகைதாம்மா. நடுவுல ஒரு கட்டை நிக்குது, அதுவும் அழகுக்கு வச்சதுதான்."

"அப்ப எடுத்துடுங்கண்ணா."

கணவன் வேலைக்குப் போயிருந்தான். மாமனார் மாடியில் தன் அறையில் இருந்தார். ரம்பச் சத்தம் தாங்காமல் காலையிலேயே காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டார். அது இல்லாவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது.

பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வெளிச்சம் பட்டை பட்டையாகக் கூடத்தில் விழ, அவளுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. தச்சர் நடுக்கட்டையை அறுத்தார். பாதிக்கு மேல் போனதும் ரம்பம் இறுகிக்கொண்டது. யாரோ மேலிருந்து அழுத்துகிற மாதிரி அறுத்த வாய் மூடிக்கொண்டது. அப்போதும் இருவருக்கும் உறைக்கவில்லை. அவர் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கட்டை சரிந்தது.

தலைக்கு மேலே படீரென்று ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்தாள். குறுக்கே போன உத்திரம் நடுவில் தொய்ந்து, விரிசலிலிருந்து தூசி கொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, நகருங்க! மேல யாரும் இருக்காங்களா?"

"மாமா இருக்கார்ணா!"

தச்சரின் முகம் வெளிறிப்போயிற்று. கழற்றிப்போட்ட கட்டைகளை வாரி எடுத்து முட்டுக்கொடுக்க ஆரம்பித்தார். அவள் பக்கவாட்டுப் படியில் ஓடினாள். மாமனாரின் அறைக்கதவு நிலையோடு நசுங்கி இறுகியிருந்தது. தோளால் மோதினாள், அசையவில்லை. மேல்பக்கத்து இடுக்கு வழியே எம்பிப் பார்த்தாள். தளம் நடுவில் குழிந்து, அதன் மேல் இரும்பு பீரோ சாய்ந்து நின்றது. அந்தக் கோடியில், ஜன்னலோரம், மாமனார் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கத்திப் பயனில்லை. மெயின் சுவிட்சை அணைக்கலாமா? ஃபேன் நின்றால் எழுந்து நேரே கதவுக்குத்தான் வருவார், அந்தக் குழி வழியாக. போன் செய்தாலும் மணி காதில் விழாது; விழுந்தாலும் அதே கதி. போன் கதவோரத்து அலமாரியில் சார்ஜில் கிடந்தது. அவர் உட்கார்ந்தே இருக்க வேண்டும். ஆனால் அவர் சும்மா உட்காருகிற ஆளா? எந்த நிமிஷமும் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பார்.

ஓடும்போதே, "தீயணைப்புக்கு போன் போடுங்க!" என்று சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் கத்திவிட்டு வெளிச்சுவருக்கு வந்தாள். பெயின்டரின் ஏணி அங்கே, மாமனாரின் ஜன்னலுக்குக் கீழே சாத்தியிருந்தது. முக்காலியில் ஏறினாலே தலை சுற்றுகிறவள் அவள். ஏறும்போது கை வியர்த்து வழுக்கியது. ஏணி ஆடியது. பாதியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டாள். உள்ளே மரம் முனகுகிற சத்தம் கேட்டது. மறுபடி ஏறினாள்.

கம்பியில்லாத ஜன்னலில் அவள் தலையைக் கண்டதும் மாமனார் பேப்பரைத் தாழ்த்தினார்.

"என்னம்மா, ஜன்னல் வழியா வர்றே?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார். "கதவு பூட்டிக்கிச்சா? இரு, திறக்கறேன்."

எழுந்து திரும்பினார். அவள் இடுப்புவரை உள்ளே பாய்ந்து அவர் சட்டையின் பின்புறத்தைப் பற்றி இழுத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் சத்தமாகப் பேசியதுகூட இல்லை. அவர் சுள்ளென்று திரும்பினார்.

"என்ன இது!"

சொன்னாலும் அவருக்குக் கேட்காது. தளத்தைக் காட்டினாள், கையைக் கவிழ்த்துக் கீழே இறக்கினாள், தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். அவர் பார்த்தார். அவர் கண்ணெதிரே பீரோ ஒரு முறை குலுங்கிச் சாய, தளம் இன்னும் ஒரு சாண் இறங்கியது. பலகைகள் பிளந்து தூசி எழும்பியது.

பெரியவர் ஜன்னல் சட்டத்தில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"முட்டு நிக்குதும்மா!" கீழிருந்து தச்சர் தொண்டை கிழியக் கத்தினார். "அசையாதீங்க, யாரும் அசையாதீங்க!"

தீயணைப்பு ஆட்கள் வரும்வரை அப்படியே நின்றார்கள். அவரைத்தான் முதலில் இறக்க வந்தார்கள். "மருமகளை இறக்குங்க, அவளுக்கு உசரம் ஆகாது" என்று பிடிவாதம் பிடித்துவிட்டார். அது அவருக்குத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. தரையில் கால் பட்டதும் அப்படியே உட்கார்ந்து அழுதாள். தச்சர் சுவரோரமாக நின்று, "நான்தாம்மா சரியாப் பாக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நானும்தான் அவசரப்பட்டேன்ணா" என்றாள்.

பிறகு பொறியாளர் வந்து பார்த்த பின் இரும்பு உத்திரம் போட்டார்கள். மாமனார் காது மெஷினை மாட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "வெளிச்சம் நல்லாத்தான் வருது. அதுக்காகக் கூரையையே பிரிச்சுடப் பாத்தியே தாயே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வீடு இப்போது பளிச்சென்றுதான் இருக்கிறது, வருகிறவர்களெல்லாம் மெச்சுகிறார்கள். ஆனால் மாமனார் மாடியில் நடக்கும் சத்தம் கேட்டால், கையில் இருப்பதை வைத்துவிட்டு, அவர் நாற்காலியில் உட்காரும்வரை அவள் அண்ணாந்தபடி நிற்கிறாள்.