உள்பக்கம் திறந்த கதவுகள்

கட்டடக்கலை விடைத்தாள் திருத்த வந்திருந்த வெளித்தேர்வாளர் முதல் வரைபடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அடுத்ததைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். இன்னும் சில தாள்கள் போனதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மிச்சக் கட்டு முழுவதையும் மேசைமேல் விசிறிபோல் விரித்துப் போட்டார். எதிரே உட்கார்ந்து மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்த விரிவுரையாளருக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டுவிட்டது.

“இங்க வாங்கம்மா. இந்தக் கதவைப் பாருங்க.”

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். மருத்துவமனையில் ஒரு நோயாளி அறையையும் அதை ஒட்டிய குளியலறையையும் வரையச் சொன்ன கேள்வி அது. சுவர்களின் கனம் சரி, சன்னல் சரி, கட்டிலைச் சுற்றி விட்ட இடமும் சரி. குளியலறைக் கதவு மட்டும் உள்பக்கம் திறந்தது. அது வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். உள்ளே வழுக்கி விழுந்தவர் கதவுக்குப் பின்னால் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ள முடியாது. தூக்கிவிடப் போனவர்கள் விழுந்தவரையே கதவால் இடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

“ஒரு பிள்ளை தப்பு பண்ணியிருக்கு சார்.”

“ஒரு பிள்ளையா? எல்லாத்தையும் பாருங்க.”

அத்தனை தாளிலும் அதே கதவு அதே பக்கம் திறந்திருந்தது.

“ஒருத்தர் பண்ணா அது தப்பு. வகுப்பே சேர்ந்து ஒரே தப்பைப் பண்ணா அதுக்குப் பேரு வேற,” என்றார் தேர்வாளர். குரலை உயர்த்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

செய்தி துறைத்தலைவரின் அறைக்குப் போனது. அவர் நல்லவர்தான். ஆனால் துறையின் பெயருக்கு ஏதாவது என்றால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. மறுநாள் பிற்பகல் விசாரணை என்று முடிவானது. காப்பி அடித்தது உறுதியானால் வகுப்பு முழுவதற்கும் அந்தத் தாள் ரத்து. எல்லோரும் இறுதியாண்டுப் பிள்ளைகள். பாதிப் பேருக்கு வேலை கிடைத்துவிட்டது. தாள் ரத்தானால் பட்டம் கைக்கு வராது, வேலையும் காத்துக்கொண்டிருக்காது. அடுத்த தேர்வு வரும்வரை வீட்டில் உட்கார்ந்து பெற்றவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

விரிவுரையாளருக்கு முதலில் ‘பலகை’தான் நினைவுக்கு வந்தது. வகுப்புக்கு அதைக் கொண்டுவந்தவள் அவள்தான்.

பலகை என்பது கணினியிலும் கைபேசியிலும் திறக்கிற ஒரு பக்கம். ஒருவர் கேள்வி போடுவார், மற்றவர்கள் பதில் போடுவார்கள், அந்தப் பதிலோடு இன்னொருவர் சண்டை போடுவார். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த வகுப்பு வாயைத் திறக்காது. கேள்வி கேட்டால் எல்லோரும் மேசையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். பின்வரிசைப் பையன் ஒருவனுக்கு ‘சுவர்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். பேச்சு அவன்மேல் பட்டுத் திரும்பி வந்துவிடுமாம். ஒரு பெண்ணுக்கு ‘ஆனா’ என்று பெயர். எதைச் சொன்னாலும் “ஆனா” என்று ஆரம்பிப்பாள், எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிடுவாள்.

பலகை வந்தபின் சுவர் பேசியது. பேசியது என்றால் சாதாரணமாக இல்லை, பக்கம் பக்கமாக எழுதினான். யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் “சுவர் என்ன சொல்லுது?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துத் தாங்களாகவே படிக்கட்டும் என்று அவள் பதில் எழுதாமல் ஒதுங்கியிருந்தாள். அதுதான் துறைத்தலைவருக்குப் பிடிக்கவில்லை.

“அறிக்கையில ஆசிரியர் பங்குன்னு ஒரு கட்டம் இருக்கு. உங்களுது காலியா கிடக்கு. நீங்க அங்க இருக்கீங்கன்னாவது தெரிய வேண்டாமா?” என்று ஒருமுறை கேட்டார்.

அன்றிலிருந்து அவள் டிக் போட ஆரம்பித்தாள். ஆசிரியருக்கு மட்டும் பச்சை நிறத்தில் ஒரு டிக் உண்டு. பேருந்தில் போகும்போதும் பால் பொங்கக் காத்திருக்கும்போதும் ஒவ்வொரு பதிலாகப் படித்து, விரலால் ஒரு தட்டு. காலிக் கட்டம் நிரம்பியது. துறைத்தலைவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

விசாரணைக்கு முந்தின மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் அக்கா தொலைபேசியில் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்துதான் குடியிருந்தார்கள். அக்கா கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் அத்தை.

“உங்க மாமாவுக்குக் கால் ஒடிஞ்சிடுச்சுன்னு குடும்பக் குழுவுல போட்டா, நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறியே, உனக்கு என்னடி அவ்வளவு சந்தோஷம்?”

“ஐயோ அத்தை, படிச்சேன்னு தெரியட்டும்னு போட்டேன்.”

“உனக்கு அது படிச்சேன். இங்க படுத்துக் கிடக்கிறவருக்கு?”

“சரி, மாமாவைக் குடுங்க, மன்னிப்புக் கேக்கிறேன்.”

“அவர் உங்கிட்ட பேச மாட்டாராம். ஒடிஞ்ச காலைத் தூக்கிக் காட்டச் சொல்றார்.”

தங்கை கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். பிறகு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து பலகையைத் திறந்து, குளியலறைக் கதவு என்று தேடினாள்.

யாரோ கேட்டிருந்தார்கள், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று. சுவர் நீளமாகப் பதில் எழுதியிருந்தான். வெளிப்பக்கம் திறந்தால் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் செவிலியர்மேல் இடிக்கும், அதனால் உள்பக்கம் என்று, அளவுகளோடு, ஒரு குட்டிப் படத்தோடு. படிக்கப் படிக்க நியாயமாகவே இருந்தது. அதன் கீழே பச்சை டிக்.

டிக் விழுந்த மறுநாள் தேதியில் ஆனா ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். “ஆனா உள்ள விழுந்து கிடந்தா எப்படித் திறக்கிறது?”

அதற்குப் பதில் இல்லை. டிக்கும் இல்லை. ஏற்கெனவே டிக் போட்ட பக்கத்துக்கு விரிவுரையாளர் திரும்பிப் போகவே இல்லை. அவள் டிக் போட்ட இடத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது. பலகையின் மற்றப் பக்கங்களையும் புரட்டினாள். அங்கும் அப்படித்தான். டிக் வருவதற்கு முன் வாக்குவாதம், வந்தபின் அமைதி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தேவையே இல்லை, அவ்வளவு தெளிவாக இருந்தது.

மறுநாள் காலை துறைத்தலைவரிடம் காட்டினாள். அவர் திரையை ஒருமுறை பார்த்தார், கதவைச் சாத்தினார்.

“இந்த டிக்கை எடுக்க முடியுமா?”

“முடியும் சார். மறுபடி தட்டினா போயிடும்.”

“எடுத்துடுங்க. பிள்ளைங்க தங்களுக்குள்ள பேசித் தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க. அவ்வளவுதான். நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“டிக் இல்லன்னா, எல்லாரும் ஒரே மாதிரி ஏன் வரைஞ்சாங்கன்னு தேர்வாளருக்கு எப்படிப் புரியும்? காப்பின்னுதான் நினைப்பார்.”

“நினைச்சுட்டுப் போகட்டும். உங்களை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கல்ல?”

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மழை வருகிறது, குடை எடுத்துக்கொள் என்பதுபோல் சொன்னார். அவள் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். விரல் அந்தப் பச்சைமேல் போனது. பிறகு கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

பிற்பகல், தேர்வாளரின் முன் டிக்கோடு அந்தப் பக்கத்தை வைத்தாள்.

“இது நான் போட்டது சார். படிச்சேன்னு போட்டேன். அவங்க சரின்னு எடுத்துக்கிட்டாங்க.”

“படிச்சீங்க. படிச்சப்போ தப்புன்னு தெரியலையா?”

“எழுதியிருந்த விதம் நல்லா இருந்துச்சு. கதவை நான் யோசிக்கல.”

துறைத்தலைவர் மேற்கூரையைப் பார்த்தார். தேர்வாளர் அந்தப் பக்கத்தை மறுபடி ஒருமுறை படித்தார்.

“பிள்ளைங்களைக் காப்பாத்த நீங்களே தலையைக் குடுக்கிறீங்கன்னும் சொல்லலாம். நான் எதை நம்புறது?” என்றார். “சரி, ஒவ்வொருத்தரா உள்ள அனுப்புங்க. காப்பி அடிச்சவனுக்கு விடை தெரியும், காரணம் தெரியாது.”

முதலில் சுவர் வந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது. ஏன் உள்பக்கம் என்று கேட்டதும் மருந்து வண்டியைப் பற்றி ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. அவன் வாயால் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. அடுத்து வந்தவன், வெளிப்பக்கம் திறந்தால் கதவில் வடியும் தண்ணீர் அறைத் தரையில் சொட்டி, நடக்கிறவர்களுக்கு வழுக்கும் என்றான். இன்னொருத்தி, பாதி திறந்தாலே அறைக்கு வந்தவர்களுக்கு உள்ளே எல்லாம் தெரியும், மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றாள்.

“நோயாளிக்கு மானமா முக்கியம், உயிரா?” என்றார் தேர்வாளர்.

“ரெண்டும் சார். உயிர் இருக்கிறவருக்குத்தானே மானம்.”

தேர்வாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் விசாரிப்பதை விட்டுவிட்டு வாதாட ஆரம்பித்துவிட்டார். எல்லோரிடமும் காரணம் இருந்தது. ஒருவர் காரணம் இன்னொருவருடையதுபோல் இல்லை. அத்தனை பேரும் சேர்ந்து யோசித்து, சேர்ந்து தவறான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

கடைசியில் ஆனா வந்தாள்.

“ஏன்மா உள்பக்கம்?”

“வெளிப்பக்கம்தான் சார் சரி.”

“அப்புறம் ஏன் இப்படி வரைஞ்சே?”

“சுவர் பதிலுக்கு மேடம் டிக் போட்டிருந்தாங்க. என்னோடதுக்குப் போடல. அப்போ நான்தான் தப்புன்னு…” மீதியை விழுங்கினாள்.

தேர்வாளர் அவளுடைய தாளைக் கட்டிலிருந்து உருவி, எழுந்து போய்ச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். குளியலறைக்கு வெளியே, நோயாளி அறைத் தரையில், கதவு திறக்கும் வளைகோடு ஒன்று அழித்த தடமாகத் தெரிந்தது. அழிப்பான் பட்டுக் காகிதம் அங்கே மெலிந்திருந்தது. அவர் தாளை விரிவுரையாளரிடம் நீட்டினார். அவள் வாங்கி, அவரைப் போலவே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“காப்பி இல்ல,” என்றார் தேர்வாளர். “தாள் ரத்து ஆகாது. ஆனா கதவுக்கு யாருக்கும் மார்க் கிடையாது.” ஆனாவைப் பார்த்தார். “உனக்கும் இல்லம்மா. அழிச்சதுக்கு நான் மார்க் போட முடியாது.”

“தெரியும் சார்,” என்றாள் அவள்.

விரிவுரையாளரிடம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தபோது பிள்ளைகள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சுவரின் முதுகில் யாரோ ஒருவன் தட்டி, “உன்னால ஒரு மருத்துவமனையே செத்திருக்கும்டா,” என்றான். “செவிலியர் மட்டும் பிழைச்சிருப்பாங்க,” என்றான் சுவர்.

அவள் ஆனாவைத் தனியே அழைத்தாள்.

“சந்தேகம் இருந்தா எங்கிட்ட கேட்டிருக்கலாமே?”

“பலகையில கேட்டேனே மேடம்.”

சொல்லிவிட்டு அந்தப் பெண் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். விரிவுரையாளர் நேரே கணினிப் பிரிவுக்குப் போனாள்.

அங்கே இருந்தவர், டிக் வசதியையே பலகையிலிருந்து எடுக்க முடியாது, வேண்டுமானால் நிறத்தை மாற்றிப் பக்கத்தில் ஏதாவது எழுதித் தருகிறேன் என்றார். சாம்பல் நிறம் போதும், ‘படித்தேன்’ என்று எழுதுங்கள் என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “படிச்சேன்னு சொல்றதுக்கு ஒரு டிக்கா? சரி, உங்க விருப்பம்.”

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து பழைய பக்கத்தில், ஆனாவின் வரிக்குக் கீழே எழுதினாள்: “இது சரி. முதல் பதில் தவறு. அதற்கு டிக் போட்டது என் தவறு.” எழுதியதை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். யாரும் வரப்போவதில்லை என்றுதான் நினைத்தாள். தேர்வு முடிந்துவிட்டது, இனி இதை யார் பார்க்கப் போகிறார்கள்.

முதலில் சுவர் வந்தான். “இதுக்கும் டிக் போட்டுடாதீங்க மேடம்,” என்று எழுதினான். அடுத்தவன், அப்படியானால் மருந்து வண்டி எங்கே போகும் என்று கேட்டான். கதவைச் சற்றுத் தள்ளி வைக்கலாம் என்றாள் ஒருத்தி. நகர்த்துகிற கதவு போட்டால் உள்ளும் வேண்டாம் வெளியும் வேண்டாம் என்றான் இன்னொருவன். அதன் கீழே ஆனா எழுதினாள், “ஆனா கையில பலம் இல்லாதவங்க அதை எப்படி நகர்த்துவாங்க?” இந்த முறை பதில் மேல் பதில் வந்துகொண்டே இருந்தது.

அவள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தாள். எதையும் தட்டவில்லை. பிறகு எழுந்து தங்கள் வீட்டுக் குளியலறைக் கதவின் முன் போய் நின்று, கீல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று குனிந்து பார்த்தாள்.

“வெளிய யாரு?” என்று உள்ளிருந்து அக்கா கேட்டாள்.

“நான்தான். கதவு உள்பக்கம் திறக்குதுக்கா.”

“குடி வந்த நாள்லேருந்து அப்படித்தான் திறக்குது. நீ இப்பதான் பாக்கிறியா?”

“ஆமா,” என்றாள் அவள். “தாழ்ப்பாள் போடாம குளி.”