நத்தைகளுக்கு ஏது துக்க விடுமுறை

துக்க வீட்டில், ஆய்வு நிலைய இயக்குநர் இரங்கலுரையின் நாலாம் பக்கத்தைப் புரட்டியபோது, இறந்தவளின் கணவன் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். வண்டி தப்பான வழியில் போனால் கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

"தடுப்பூசித் துறையின் தாய்..." என்று இயக்குநர் தழுதழுத்தார்.

அவள் தடுப்பூசிப் பக்கமே போனதில்லை. அவள் ஆராய்ச்சியெல்லாம் நத்தைதான். நம் உடம்பு கிருமிக்கேற்ற எதிர்ப்புப் புரதம் செய்துகொள்ளும்; நத்தையின் உடம்புக்கு அது தெரியாது. பாக்டீரியா நுழைந்தால், பிறக்கும்போது கொண்டுவந்ததை வைத்தே மல்லுக்கட்டியாக வேண்டும். "நமக்குள்ளயும் முதல்ல ஓடி வர்றது அந்தப் பழைய காவல்தான். நாமதான் மதிக்கிறதில்ல" என்பாள். சோறு ஆறிப்போகும்வரை சொல்வாள்.

காலையில் பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டார்: "நத்தைகிட்டேருந்து தொத்திக்கிச்சோ?"

"மாரடைப்புங்க. நத்தைகிட்டேருந்து அது தொத்தாது" என்றான் அவன்.

இப்போது அவனை இருக்கையிலிருந்து எழுப்பிவிட்டது, அவளோடு வேலை பார்த்தவள் சற்றுமுன் காதோரம் சொன்னது: "அண்ணா, அக்கா கிருமி ஏத்தின நத்தைங்க ஆய்வுக்கூடத்துக்குள்ள இருக்கு. இன்னிக்கு ரத்தம் எடுக்கணும். இன்னிக்கு விட்டா, முந்தி எடுத்த ரத்தக் கணக்கும் சேர்ந்து செல்லாமப் போயிடும். இவரு மரியாதைன்னு கூடத்தையே பூட்டிட்டாரு."

"சார், சாவி" என்றான் அவன்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னிக்கு துக்க விடுமுறை. அவங்க மேல நாங்க வச்சிருக்கிற மரியாதை..."

"அந்த மரியாதையச் சாவியா குடுங்க சார்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். இயக்குநர் உரையை மடித்துப் பைக்குள் வைத்தார். அதே பையிலிருந்து சாவி வந்தது.

வாசலில் அத்தை கையைப் பிடித்தாள். "பொண்டாட்டியப் போட்டுட்டு எங்கடா கிளம்பிட்ட? ஊரு சிரிக்கும்."

"அவ வேலைக்குத்தான் அத்தை. வண்டி சாயங்காலந்தானே வருது? நீங்க பக்கத்துல இருங்க."

அத்தை அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டு, இறந்தவளின் தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் ஈரமண் வாசனை. ஒவ்வொரு நத்தை ஓட்டிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு எண். விரலில் ஒருநாளும் பூசாதவள், எண்களுக்கு மட்டும் அத்தனை அழகாகச் சுழி போட்டிருந்தாள்.

"இறுக்கிப் பிடிக்காதீங்கண்ணா. குழாய் வர்றதுக்கு முந்தியே பயந்தா ரத்தம் வீணாச் சிந்திடும். அந்தப் பயத்தைத்தான் அக்கா பயன்படுத்திக்கும்" என்றாள் அவளோடு வேலை பார்த்தவள்.

அவன் உள்ளங்கையில் ஒரு நத்தையை ஏந்தினான். உறிஞ்சுகுழாயின் நுனி அதன் பாதத்தைத் தொட்டது. அது வெடுக்கென்று ஓட்டுக்குள் சுருண்டது. ஓரத்தில் ஒரு துளி ஊறி நின்றது, மங்கலான நீலம். இறந்தவள் இப்படியொரு துளியை இதே வெளிச்சத்தில் எத்தனையோ தடவை பார்த்திருப்பாள்.

குழாய் துளியை உறிஞ்சிக்கொண்டது. "கீழ வச்சிடுங்கண்ணா."

அவன் வைக்கவில்லை. ஓட்டுக்குள்ளிருந்து முதலில் ஒரு கொம்பு வந்தது. காற்றில் துழாவியது. பிறகு இன்னொன்று.

அதை ஈரப்பஞ்சின்மேல் இறக்கிவிட்டு, அடுத்ததை எடுத்தான்.