ஆறு கெல்வினில் ஒரு மேடு

எனக்குப் பொறுமை கிடையாது. ஹீலியத்தோடு மாரடிக்கிறவனுக்கு அது இருக்கக்கூடாத குறை.

என் மனைவி படிகம் வளர்ப்பவள். காந்தத்தன்மை உள்ள மூலக்கூறுகளை மணி கோத்ததுபோல் சங்கிலியாக இணைத்து, கடுகளவு ஊதாப் படிகமாக்கித் தருவாள். நான் அதைக் கடுங்குளிரில் வைத்து, துளித்துளியாகச் சூடேற்ற எவ்வளவு வெப்பம் பிடிக்கிறது என்று அளப்பேன். சங்கிலிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே ஒழுங்குக்கு வந்தால் வரைகோட்டில் ஒரு மேடு எழும். அந்த மேட்டுக்காக அவள் பதினோரு வருடம் தவம் கிடந்தாள்.

அவள் நுரையீரலில் வந்த நோய்க்கும் பொறுமை இல்லை. ஒரு வாரம் தாங்கினால் பெரிது என்றார் டாக்டர்.

படிகத்தைக் குளிர்விக்கக் கொஞ்சம் ஹீலியம் வாயுவை உள்ளே விடுவோம். அளப்பதற்கு முன் அதைச் சுத்தமாக உறிஞ்சி எடுக்க ஒரு நாள் முழுக்கப் பம்பு ஓட வேண்டும். நான் இரண்டு மணி நேரத்தில் நிறுத்திவிட்டு அளந்தேன். ஆறு கெல்வினில் மேடு வந்தது. வரைகோட்டுத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன்.

அவள் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பம்பு எவ்வளவு நேரம் ஓடிச்சு?"

"ஒரு நாள் முழுக்க."

"நீங்களா? ஒரு நாளா?" என்று சிரித்தாள். தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நான்காம் நாள் போய்விட்டாள்.

அவள் பெயரை முதலில் போட்டுக் கட்டுரை வெளிவந்தது. அவள் தம்பி கல்லில் எழுத்து வெட்டுகிறவன். கல்லறைக் கல்லில் அவள் பெயருக்குக் கீழே அந்தக் கோட்டையும் மேட்டோடு வெட்டினான்.

போன மாதம் வேறொரு ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. அதே சங்கிலியை அவர்களும் செய்து அளந்திருக்கிறார்கள், மேடு இல்லை. உங்கள் படிகம் சுத்தமில்லாமல் இருந்திருக்குமோ என்று வெகு மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் படிகத்திலா அழுக்கு?

மிச்சமிருந்த ஒரே படிகத்தை வைத்து, இந்த முறை ஒரு நாள் முழுக்க உறிஞ்சினேன். மேடு இல்லை. அன்று படிகத்தில் ஒட்டிக்கிடந்த ஹீலியம், சூடேறும்போது கழன்று வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த வெப்பத்தையும் படிகமே பிடித்ததுபோல் கோட்டில் மேடு எழுந்திருக்கிறது. அதைத்தான் கொண்டாடியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவள் தலையில் விழும், என் மேல் ஒரு கீறலும் படாது. இந்த எண்ணம் எனக்குள் இரண்டு நாள் குடியிருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதினேன். படிகத்தில் குறையில்லை, அளந்தவர் வாயுவை முழுதாக வெளியேற்றவில்லை என்று காரணம் காட்டினேன். பிறகு மைத்துனன் பட்டறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அக்காகிட்டப் பொய் சொன்னீங்களா, மாமா?"

"ஆமா."

அவன் வெகுநேரம் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நிஜமான கோடு எப்படிப் போகும்?"

"மேடு கிடையாது. சும்மா வழவழன்னு ஏறிப் போகும்."

"வெட்டினதை அழிக்க முடியாது. பசை போட்டு அடைக்கலாம். அடைச்ச இடம் தனியாத் தெரியும்."

"தெரியட்டும்."

"அக்கா நம்பினாளா?"

சோறு வேகிற வரைகூட நான் காத்திருக்க மாட்டேன் என்று இருபது வருடம் பார்த்தவள் அவள்.

"இல்லைனுதான் நினைக்கிறேன்," என்றேன். "எனக்காக நம்பின மாதிரி இருந்துட்டா."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவன் என்னைப் பார்க்காமல், அந்தக் கல்லின் நிறத்துக்குப் பசையைக் கலக்க ஆரம்பித்தான்.