வந்து சேரும் நாளின் முகம்

களிமண்ணில் செய்த சித்தப்பாவின் முகம் மின்னஞ்சலில் வந்திருந்தது. அவர் கடைகளுக்குக் கொள்முதல் பார்ப்பவள் அதைத் திரை முழுவதும் பெரிதாக்கினாள். மூக்கு சரி. இரட்டைத் தாடையும் சரி. காசு வாங்கிக்கொண்டு செய்கிறவர்கள் கொஞ்சம் குறைத்திருக்கலாம், குறைக்கவில்லை. இடது புருவத்துக்கு மேல் மட்டும் நகம் பட்டது போல ஒரு தழும்பு. சித்தப்பாவுக்கு அப்படி ஒன்று கிடையாது.

வீட்டில்தான் அவர் சித்தப்பா. கடையில் மாடிப்படி ஏறிவிட்டால் சேர்மன் சார். மூன்று செருப்புக் கடைக்கு ஒரு சேர்மன் அதிகம்தான். ஆனால் சரக்கறைக்கு மேலே பலகை அடித்த பரணுக்கு 'கார்ப்பரேட் ஆபீஸ்' என்று அவர் பெயர் வைத்த அன்றே மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அப்பா போனபின் அவளைப் படிக்கவைத்து, காய்ச்சல் வந்த இரவுகளில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவர்தான். அதனால் சேர்மன் என்பதைச் சிரிக்காமல் உச்சரிக்க அவள் பழகியிருந்தாள்.

அடுத்துத் திறக்கவிருந்த நான்காவது கடை பெரிய கடை. வாசலில் நிறுவனரே நின்று வரவேற்க வேண்டும், அது ஒரு 'அனுபவம்' என்று விளம்பர ஆலோசகர் சொன்னார். ஆளுயரப் பொம்மை முடிவாயிற்று: வலது கை வரவேற்கும், உயர்த்திய இடது உள்ளங்கையில் ஒரு ஷூ. கண்ணாடி அடுக்குகள், ஷூ ஸ்டாண்டுகள், ஆளுயரக் கண்ணாடிகள், சித்தப்பா எல்லாம் கடல் கடந்த ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே கன்டெய்னரில் வர வேண்டும். வரைபடம், அச்சு, மாதிரி, பெயின்ட், பேக்கிங், கப்பல், துறைமுகம் என்று எப்படிப் பார்த்தாலும் மூன்று மாதத்துக்குக் குறையாது. இந்தத் தொழிலில் ஆளாளுக்கு மடியில் சில நாட்களை முடிந்து வைத்துக்கொள்வது வழக்கம். ஆலை பெயின்ட் அடிப்பவனிடம் பொய் சொல்லும், கப்பல்காரன் ஆலையிடம் பொய் சொல்வான். அவளும் திறப்பு விழாவுக்கு ஒன்றரை மாதம் முந்திய தேதியைத்தான் சரக்கு வேண்டிய தேதியாக எழுதியனுப்புவாள். கேட்ட நாளில் சரக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லாததால் இந்தப் பொய் யாரையும் உறுத்தியதில்லை. எழுதியனுப்பிய மறுநாளே அவளுக்கே அது மறந்துவிடும்.

களிமண் முகத்தைப் பார்த்து சேர்மன் முகம் சுளித்தார். "என்னம்மா இது? போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டுற போட்டோ மாதிரி இருக்கு. நெத்தியில என்ன கோடு?"

"சார், அது ஒரு கேரக்டர் குடுக்குது," என்றார் ஆலோசகர்.

"அப்ப எனக்குக் கேரக்டர் இல்லங்கிறீங்க."

ஆலோசகர் இருமினார். தழும்பை எடுத்துவிடச் சொல்லி அவள் எழுதினாள். பதில் வருவதற்குள், பாதி இறக்கியிருந்த ஷட்டரில் சேர்மன் தலையை இடித்துக்கொண்டார். இடது புருவத்துக்கு மேல் தையல். கட்டு பிரித்த அன்று ஆலோசகர் பொம்மைப் படத்தை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்ப மேட்ச் ஆயிடுச்சு சார்."

எல்லோரும் சிரித்தார்கள். சேர்மன் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். "பாத்தியா, ஃபாரின்காரனோட முன்யோசனைய! நம்மாளுங்க இருக்காங்களே, அடிபட்டதுக்கப்புறம்கூடக் கவனிக்க மாட்டாங்க." அவள் மட்டும் சிரிக்கவில்லை. படத்தில் தழும்பின் ஓரத்தில் தையல் புள்ளிகள்கூட இருந்தன. முதல் நாள் அதைக் களிமண்ணின் சொரசொரப்பு என்று நினைத்திருந்தாள்.

பெயின்ட் முடிந்த படம் வந்தபோது அவள் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள். பொம்மையின் வாய் இடது ஓரத்தில் சரிந்திருந்தது, யாரோ கன்னத்தைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டது போல. இடது கை உயரவே இல்லை. தொடையோரம் தொங்கிய அதன் விரல்களிலிருந்து ஷூ நழுவப் பார்த்தது. வலது பக்கம் முழுவதும் சித்தப்பா, சந்தேகமே இல்லை. இடது பக்கம், குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனது போலிருந்தது.

இது தவறு, அனுப்பிய புகைப்படத்தில் இப்படி இல்லை என்று எழுதினாள். ஆலையில் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் பெண் இந்த முறை உடனே, எப்போதும் போல மலர்ச்சியாகப் பதில் எழுதினாள். தவறில்லை. ஆர்டர் கொடுத்த நாளின் முகத்தைச் செய்தால் சரக்கு வந்து சேருவதற்குள் அது பழைய முகமாகிவிடும். ஆகவே நீங்கள் தந்த தேதிக்கு உரிய முகத்தையே நாங்கள் செய்கிறோம். இதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு சிரிக்கும் மஞ்சள் முகம்.

அவள் படத்தை எடுத்துக்கொண்டு பரணுக்கு ஏறினாள். சேர்மன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "கைய தூக்கல. அதுதான் தப்பு. வாய் இருக்கட்டும். சீரியஸான ஆள்னு தெரியும்."

"சித்தப்பா, ஒருதடவ டாக்டர்கிட்ட காட்டிடலாமே."

"ஆபீஸ்ல என்ன சித்தப்பா?"

"சேர்மன் சார், ஒருதடவ டாக்டர்கிட்ட காட்டிடலாமே."

"பொம்மைக்குக் கை கோணினா எனக்கு எதுக்கும்மா டாக்டர்? செஞ்சவனக் காட்டு." பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கிவந்தார். "சரி. திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்னாடி முழு செக்கப். போதுமா? உங்க சித்திகிட்ட மட்டும் வாயத் திறக்காத, அன்னைக்கே உப்ப நிறுத்திடுவா."

அவளுக்கு அது போதும் போலத்தான் இருந்தது. பொம்மை வாசலில் நிற்கப்போவது திறப்பு விழா அன்று. அதற்கு முன்பே டாக்டர் பார்த்துவிடுவார். மருத்துவமனையில் நாள் குறித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். இருந்தாலும் தினமும் ஏதாவது சாக்கு வைத்துப் பரணுக்கு ஏறி, அவர் பேசும்போது வாயின் இடது ஓரத்தைப் பார்த்துவிட்டு இறங்குவாள். பேச்சு வழக்கம்போலத் தாராளமாக வந்துகொண்டிருந்தது. இத்தனை சந்தோஷத்தோடு அவள் அதை ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு முற்பகலில் பின்வாசலில் லாரி ஹாரன் கேட்டது. கன்டெய்னர்.

"என்னக்கா, அதிசயமா இருக்கு?" என்றான் சரக்கறைக்காரன். "நீங்க கேட்ட தேதிக்கே வந்துட்டான். புதுக் கடைக்குள்ள இன்னும் தரையே போடல, எங்க இறக்குறது?"

"கேட்ட தேதியா?"

"இன்னைக்குத்தானே போட்டிருக்கீங்க?"

அவள் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். ஆலையிலிருந்து அந்தப் பெண் எழுதியது திறப்பு விழாவைப் பற்றி இல்லை. நீங்கள் தந்த தேதிக்கு உரிய முகம். அவள் தந்த தேதி இன்று, விழாவுக்கு ஒன்றரை மாதம் முன்பு. வாயில் வந்த ஒரு தேதியை, தொழில் வழக்கப்படி, யாரும் மதிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் தந்தாள். அவர்கள் மதித்திருக்கிறார்கள்.

படிகளில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஓடினாள். சேர்மன் விழாவுக்கு வாங்கிய புது ஷூவைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார். "உழைப்பு, உண்மை, அப்புறம்..." என்று நிறுத்தி மூன்றாவதைத் தேடினார்.

"சித்தப்பா, வாங்க. போலாம்."

அவர் திரும்பினார். ஆபீஸில் என்ன சித்தப்பா என்று கேட்பார் என்று ஒரு கணம் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. சொன்னதைக் கேட்கிற பிள்ளை மாதிரி பின்னாலேயே இறங்கி வந்தார். லாரியின் கதவைத் திறந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் அவர் பார்வை போகாதபடி அவள் குறுக்கே நடந்து காருக்குக் கூட்டிப்போனாள்.

வழியெல்லாம் அவர் பேசினார். ஐந்தாவது கடை, ஆறாவது கடை. அவள் சாலையைப் பார்த்து ஓட்டியபடி குரலை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தாள். சொற்கள் முழுசாகத்தான் வந்தன, அல்லது அவளுக்கு அப்படி இருந்தது. மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் வண்டியை நிறுத்தி, சுற்றி ஓடிவந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"இரும்மா, இரு. லேஸ் அவுந்துபோச்சு. பேஷன்ட் மாதிரி இழுத்துக்கிட்டு உள்ள போகச் சொல்றியா? செருப்புக் கடைக்காரன் நான்."

குனிந்தார். பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று வழி கேட்டு ஒலித்தது. வலது கை லேஸின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது. இடது கை ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி, கால்மிதியின் மேல், இருட்டில் விழுந்த பொத்தானைத் தேடுவது போல மெதுவாகத் துழாவிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றார் தலை நிமிராமல். "இங்கதான் இருந்துச்சு."