பிரஷில் சிக்கிய கறுப்பு முடி

வாழவந்திப் பக்கத்து எஸ்டேட் பங்களாவில் வெள்ளைக்காரத் துரைசானிக்கு ஆயாவாகச் சேர்ந்த அன்றைக்கே வேலம்மாளுக்குத் துரைசானி சொல்லிக்கொடுத்தது, தலைவாரும் பிரஷைச் சுத்தம் செய்வதை. கருங்காலிக் கட்டையில் பன்றி முடி பதித்த பிரஷ். துரைசானி சீமையிலிருந்து கொண்டுவந்தது. சிக்கிய முடியைத் தினமும் சீப்பு முனையால் நெம்பி எடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சலவைச் சோடா கரைத்து, முடிப்பக்கத்தை மட்டும் முக்கி எடுக்க வேண்டும். கட்டை நனைந்தால் வெடித்துவிடும். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசி, உதறி, நிழலில் கவிழ்த்து வைக்க வேண்டும். நான்கு வருஷத்தில் வேலம்மாள் ஒரு வாரம்கூட இதைத் தவறவிட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் சித்திரையில் துரைசானிக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பிழைத்து எழுந்தாள். ஆனால் ஆனி பிறந்ததும் முடி கொட்ட ஆரம்பித்தது. இடுப்பு வரை தொங்கிய கோதுமை நிறக் கூந்தல் அது. காலையில் பிரஷைக் கையில் வாங்கினால் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருண்டு கிடக்கும்.

"இன்னிக்கு எவ்வளவு?" என்று துரைசானி கேட்பாள். அவளுக்குத் தமிழ் நன்றாகவே வரும்.

"நேத்தைக்கு இன்னிக்கு கொறைச்சல்தானுங்கம்மா" என்று பொய் சொல்லிவிட்டு, வேலம்மாள் அதைக் கொண்டுபோய் ரோஜாச் செடிக்கடியில் புதைப்பாள்.

கொஞ்ச நாளில் துரைசானி கேட்பதையே விட்டுவிட்டாள். தலையை இறுக்கிப் பிடிக்கும் துணித் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டாள். கண்ணாடிமேல் சால்வையைப் போர்த்தினாள். கதவைச் சாத்திக்கொண்டு, தலையில் விரல் படாமல் தானே வாரிக்கொள்வாள். அவள் தலையை யாரும் பார்க்கக் கூடாது, துரைகூட.

அந்த ஆடியில் வேலம்மாளின் புருஷன் மூக்கன் காப்பித் தோட்டத்து நிழல் மரத்தில் கிளை கழிக்கும்போது கீழே விழுந்தான். மூன்று நாள் பேச்சு மூச்சில்லை. கண் விழித்தால் தலைமுடியைக் கொடுக்கிறேன் என்று வேலம்மாள் குலசாமிக்கு வேண்டிக்கொண்டாள். ஆவணியில் போய் மொட்டை போட்டு வந்தாள். ஐப்பசிக்குள் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. பங்களாவில் எப்போதும் முந்தானையால் தலையை மூடிக்கொள்வாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் துரைசானி அவளை உள்ளே கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"கையை நீட்டு."

உள்ளங்கையில் இரண்டு மூன்று முடிகளை வைத்தாள். குட்டையானவை. கறுப்பு.

"என் பிரஷ்ல இருந்தது. முந்தானையை எடு."

வேலம்மாள் எடுத்தாள். அந்த முடிகளும் அவள் தலையில் இருந்ததும் ஒரே நீளம்.

"சாமி சத்தியமா நான் வாரலீங்கம்மா. சுத்தம் பண்றப்பத் தவிர நான் அதத் தொடறதே இல்லீங்க."

"துரைக்குச் செம்பட்டை, சமையல்காரருக்கு நரை. இந்த வீட்டில வேற யாருக்கு இப்படி முடி இருக்கு?" துரைசானியின் கண் கலங்கியிருந்தது. "என் தலை இப்படி இருக்கிறப்ப, என் பிரஷ்ல நீ வாரிக்கிட்டியே! இனிமே வராதே."

மழையில் நனைந்துகொண்டே வேலம்மாள் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மூக்கன் முழுவதையும் கேட்டான். பிறகு மெதுவாக, "நெசத்தச் சொல்லு புள்ள. ஆசைக்கு ஒருக்கா வாரிப் பாத்தியா?" என்றான்.

அதுதான் அவளை உடைத்துவிட்டது. "நீங்களுமா?" என்று சுவரோடு சாய்ந்து அழுதாள்.

"செரி, அழுவாத. நீ வாரலீன்னா அது ஆரு முடி?"

வேலம்மாள் அழுகையை நிறுத்தித் தன் தலையைத் தடவிக்கொண்டாள். அறுத்த ராகித் தட்டை மாதிரி குத்தியது. சிரைத்த முடி அப்படித்தான் இருக்கும். காலையில் உள்ளங்கையில் கிடந்தது குத்தவில்லையே? பச்சைக் குழந்தையின் தலைமுடி மாதிரி மெத்தென்று இருந்தது. சிரைத்து வளர்ந்ததில்லை அது, புதிதாக முளைத்தது.

மறுநாள் காலையில் வரக்கூடாது என்று சொன்ன பங்களாவுக்கே போனாள். சமையல்கார ஐயாக்கண்ணு வாசலிலேயே மறித்தார். "ஒரு வார்த்தை மட்டும் பேசிட்டுப் போயிர்றேனுங்க" என்று கெஞ்சி உள்ளே நுழைந்தாள்.

துரைசானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலம்மாள் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி வெள்ளைக் கைக்குட்டைமேல் வைத்தாள். மேசையில் கிடந்த பிரஷிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்கம்மா. என்னுது தடிப்பு, நுனி மொட்டையா இருக்குது. அது நூலாட்டம், நுனி ஊசியாட்டம் இருக்குது. வெளிச்சத்துல பாருங்க, அது கறுப்பே இல்லீங்க."

துரைசானி வேண்டா வெறுப்பாக அதை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தாள். வறுத்த காப்பிக்கொட்டையின் நிறத்தில் அது மின்னியது.

"தொப்பியக் கழட்டுங்கம்மா. நான் மட்டும் பாக்கறனுங்க."

துரைசானி தொப்பியின் நாடாவை அவிழ்த்தாள். எஞ்சிய நீள முடிகள் பத்து இருபது, சோர்ந்து தொங்கின. அவற்றினடியில், உச்சியிலிருந்து பிடரி வரை, விரற்கடை நீளத்துக்குப் பழுப்பு நிறப் புதுமுடி நெருக்கமாக முளைத்திருந்தது.

"மொளச்சிருக்குதுங்கம்மா! தலை பூராவும் மொளச்சிருக்குது!"

துரைசானி நம்பவில்லை. வேலம்மாள் அவள் கையைப் பிடித்து உச்சியில் வைத்து அழுத்தினாள். துரைசானி தடவினாள். இரண்டு கையாலும் தடவினாள். எழுந்துபோய்க் கண்ணாடியின் சால்வையை இழுத்துக் கீழே போட்டாள்.

"நிறமே மாறிடுச்சு" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஏன் இவ்வளவு கறுப்பு?"

"காச்சல் அடிச்ச ஒடம்பு, எந்த நெறத்துல வந்தா என்னங்க? வந்துருச்சில்ல!"

துரைசானி திரும்பி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நேத்து நான் பேசினது தப்பு வேலம்மா. உன்னைத் திருடி மாதிரி நிக்க வைச்சிட்டேன். இனிமே எப்பவும் போல வா."

வேலம்மாள் மேசையிலிருந்த பிரஷைக் கழுவ எடுத்துக்கொண்டாள். பின்கட்டுக்கு வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐயாக்கண்ணு பதறிப்போய்ச் சுடச்சுடக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். முந்தைய நாள் காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. குடிக்கக் குடிக்க நெஞ்சிலிருந்த கல் கரைவது போலிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். மூக்கன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நானுந்தான் சந்தேகமாக் கேட்டுப்போட்டேன்" என்றான்.

"நொம்பத்தான் வலிச்சுதுங்க" என்றாள் வேலம்மாள். "ஆனா ஆரு முடின்னு நீங்க கேக்கப்போயித்தான் யோசனையே வந்துது."

அவன் எழுந்து களியைக் கிண்டித் தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்தான். வேலம்மாள் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.