ஈரம் குடித்த படலம்

மாகறலில் அண்ணனுக்குக் கல்யாணம். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் தேவிப்ரியா தன் கண்ணாடித் தட்டுகளை ஆய்வகத்தில் உடன் ஆராய்ச்சி செய்யும் சாமுவேலிடம் ஒப்படைத்தாள். பாலிமரோடு லித்தியம் உப்பைக் கரைத்து அவற்றில் ஊற்றியிருந்தாள். கரைசல் மெல்லிய படலமாக உறைந்ததும் வெற்றிட அடுப்பில் வைத்து ஈரம் போக உலர்த்த வேண்டும்.

"மறந்துடாதீங்கண்ணா. இந்த உப்பு காத்துல இருக்குற தண்ணியெல்லாம் இழுத்துக்கும். எனக்கு இதான் கடைசி சான்ஸ்" என்றாள்.

அவள் மிகைப்படுத்தவில்லை. திரவமே இல்லாத பேட்டரிக்கு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் ஒரு படலம் வேண்டும். உப்பைக் கூட்டியும் குறைத்தும் ஊற்றிப் பார்த்து அலுத்துவிட்டாள். அவகாசமும் ஏற்கெனவே நீட்டியாகிவிட்டது. வரப்போகும் மதிப்பீட்டுக் குழுவின் முன் நல்ல அளவு காட்டாவிட்டால் அவளுடைய முனைவர் பட்டப் பதிவு ரத்து.

சாமுவேல் தலையாட்டினான். மறக்கிற ஆள் இல்லை அவன்.

அவன் மனைவி கிரேஸ் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். அடக்கம் முடிந்து அவன் ஆய்வகத்துக்குத் திரும்பிய அன்று, வழிகாட்டி ராமலிங்கம் பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். உப்பு சேரச் சேரக் கடத்தும் திறன் ஏறும். அளவு மிஞ்சினால் இறங்கும். தனித்தனியாகத் திரிந்த அயனிகள் நெருக்கடியில் ஜோடி சேர்ந்துகொள்ளும். ஜோடிக்கு மின்சுமை கிடையாது, அது எதையும் கடத்தாது.

"தனியா இருக்குறதுதான்பா ஓடும். நம்ம சாமுவேலப் பாருங்க, இப்ப ஃப்ரீ அயான். இனிமே தீசிஸ் பறக்கும்" என்றார்.

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தேவிப்ரியா மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தனியாக வந்து மன்னிப்பும் கேட்டாள். பரவாயில்லை என்றான். சொன்னவரை அவனால் ஒன்றும் செய்ய முடியாது. சிரித்தவளைச் செய்யலாம்.

தேவிப்ரியா ஊருக்குப் போனது மழை பிடித்துக்கொண்ட வாரம். பிள்ளையார்பாளையத்தில் அவன் குடியிருந்த நெசவாளர் தெருவில் ஒருவரும் தறிக்கான பாவு நூலை வெளியே நீட்டிக் கட்டவில்லை. ஆய்வகத்தில் தட்டுகளைச் சாளரத்தடியில் வைத்து அதன் கதவைத் திறந்துவிட்டான். படலங்கள் பளபளத்தன, தொட்டால் விரலில் ஒட்டின. அவள் திரும்பும் நாள் காலையில் அடுப்புக்குள் அடுக்கி, அதை ஓட்டாமலே கதவைச் சாத்தினான்.

"கொஞ்சம் பிசுபிசுன்னு இருக்குதில்ல?" என்றாள் எடுத்தவுடன்.

"உப்பு கூடுனா அப்படித்தாம்மா இருக்கும்."

நம்பினாள். படலத்தை வட்டமாக வெட்டி, இரண்டு எஃகு வில்லைகளுக்கு நடுவே வைத்து அளந்தாள். முன்பு வந்ததைப் போல நூறு மடங்கு. ராமலிங்கம் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டார். அவள் எல்லோருக்கும் கல்யாண வீட்டு அதிரசம் கொடுத்தாள், சாமுவேலுக்கு இரண்டாக. அவன் தின்றுவிட்டு, போனில் கல்யாணப் படத்தைப் பார்த்து, பெண் லட்சணமாக இருப்பதாகச் சொன்னான்.

குழு வருவதற்கு முந்தின நாள் சொல்லிவிடலாமா என்று அவனுக்கே தோன்றியது. பக்கத்தில் போய் நின்றான். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"உங்களாலதாண்ணா இது. கிரேஸக்கா இருந்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாங்க."

ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான்.

குழுவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியை பெரியநாயகி அளவைப் பார்த்தார். பிறகு இடுக்கியால் படலத்தைத் தூக்கிப் பார்த்தார். அதை உலர்த்தித் திரும்ப அளக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். தேவிப்ரியா சாப்பிடவில்லை, அடுப்பின் அருகிலேயே நின்றாள். மாலையில் எல்லோர் முன்னாலும் அளந்தபோது எண் தரையில் கிடந்தது.

"இது உப்போட வேலை இல்லம்மா. தண்ணியோட வேலை" என்றார் பெரியநாயகி.

ராமலிங்கத்தின் முகம் கறுத்தது. "சோத்துல உப்பு போட்டுத்தான் துன்றியா நீ? காய வெக்காமலே கணக்கு காட்டியிருக்கியே."

"காய வெச்சது சார். நான் ஊருக்குப் போனப்ப அண்ணாகிட்ட குடுத்துட்டுத்தான் போனேன். அவரையே கேளுங்க."

எல்லோரும் சாமுவேலைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் பயமே இல்லை. அவன் இருக்கிறான் என்ற தைரியம்.

"அவங்க சாம்பிள நான் தொடறதில்ல மேடம்" என்றான்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் வேறு ஏதோ சொல்ல வந்து தடுமாறிவிட்டது போல. அவன் தடுமாறவில்லை. பெரியநாயகி பேனாவை எடுத்தார்.

குழு கலைந்ததும், வெற்றிட அடுப்பை இனி அவனே வைத்துக்கொள்ளலாம் என்றார் ராமலிங்கம். சரி சார் என்றான். தேவிப்ரியா உள்ளே கையை விட்டுத் தன் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசித் தட்டை அவள் எடுக்கும் வரை பின்னால் காத்து நின்று, பிறகு தன்னுடையதை உள்ளே வைத்தான்.